ஊசியும் நூலும்: அலெக்சிஸ் கரெலின் வாழ்க்கை

ஊசியும் நூலும் நம் வீடுகளில் ஒரு மூலையிலே கிடக்கும் எளிய பொருள்கள். கிழிந்த ஆடையைத் தைப்பதற்கன்றி வேறெதற்கும் நாம் அவற்றை நினைப்பதில்லை. அவற்றைக்கொண்டே அறுந்த இரத்தக்குழாயைச் செவ்வையாகப் பொருத்தலாமென உலகிற்குக் காட்டியவர் அலெக்சிஸ் கரெல். இன்று மூளையின் நாடிகளிற் செய்யப்படும் மிக நுண்ணிய சத்திரசிகிச்சைக்கும் அவர் வகுத்த வழியே அடிப்படையாகும்.

கரெல் 1873ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆந் திகதி, பிரான்சு தேசத்து லியோன் நகருக்கு அண்மையிற் பிறந்தார். ஐந்து வயதிலே தந்தையை இழந்தார். அன்னையின் ஆதரவில் வளர்ந்து, லியோனிலே மருத்துவம் பயின்றார். 1894ஆம் ஆண்டு அந்நகருக்கு வந்திருந்த பிரான்சின் சனாதிபதி சாடி கார்னோ கத்தியாற் குத்தப்பட்டார். ஈரலுக்குச் செல்லும் பெருநாளம் வெட்டுண்டது. அத்தகைய பெருங்குழாயைத் தைத்துக் காக்கும் கலை அந்நாளிற் கைவரப்பெறவில்லை. சில மணி நேரத்துள் அவர் உயிர் நீத்தார். நாட்டின் தலைவரையே காக்கமுடியாத அந்தக் குறை மாணவனாயிருந்த கரெலின் உள்ளத்திற் பதிந்தது.

லியோன் பட்டுக்கும் பூந்தையலுக்கும் பேர்போன நகரம். அங்கு தையற்கலையில் வல்லவரான லெருடியே என்னும் அம்மையாரிடம் கரெல் சென்றார். மெல்லிய ஊசியையும் பட்டிழையையும் கையாளும் விதத்தை அவரிடமே பயின்றார். மருத்துவம் கற்ற ஒருவர் தையற்காரியிடம் மாணவராய் அமர்ந்ததே அவருடைய வெற்றியின் முதற்படி.

1902இல் தம் முறையை அவர் வெளியிட்டார். குழாயின் வட்டமான வாயில் மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்தால், வட்டம் முக்கோணமாகும். பக்கங்கள் நேராகிவிடுவதால், ஊசி எதிர்ச்சுவரிற் சிக்காது தைக்கலாம். உட்சுவரோடு உட்சுவர் பொருந்துமாறு விளிம்பை வெளிப்புறமாகத் திருப்பினால், தைத்த இடத்தில் இரத்தம் உறைவதும் குறையும்.

தாய்நாட்டிலே தக்க பதவி கிட்டாமையால், 1904இல் கரெல் கடல்கடந்து கனடாவுக்குச் சென்றார். பின்னர் சிக்காகோவிற் கத்திரி என்பாரோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1906இல் நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். 1908இல் இரத்தப்போக்கால் உயிர் ஊசலாடிய பச்சிளங்குழந்தை ஒன்றைக் காக்க அவரை அழைத்தனர். தந்தையின் மணிக்கட்டு நாடியைக் குழந்தையின் கால் நாளத்தோடு அவர் தைத்திணைத்தார். தந்தையின் குருதி பாய, வெளிறிய உடல் சிவந்தது, குழந்தை பிழைத்தது. 1912இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

அவர் நட்ட விதை மூளைச் சிகிச்சையிலே தழைத்தது. மூளைக்குச் செல்லும் நாடியின் சுவர் நலிந்து புடைப்பதை அனியூரிசம் என்பர். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் அதன் கழுத்திற் கவ்வியிட்டோ, உள்ளே மெல்லிய கம்பிச்சுருளை நிரப்பியோ அடைத்துவிடுவர். புடைப்பு மிகப் பெரிதாயினும், கழுத்தின்றி நாடி முழுவதுமே வீங்கியிருப்பினும் இவை எப்போதும் கைகொடா. நாடியையே அடைத்தால், அதனை நம்பியிருக்கும் மூளைப்பகுதி குருதியின்றி மாளக்கூடும். ஆகவே, தலைத்தோலின் நாடியையோ, கையிலிருந்து எடுத்த நாடியையோ, காலிலிருந்து எடுத்த நாளத்தையோ மூளை நாடியோடு தைத்து முதலில் மாற்றுவழி அமைப்பர். அதன் பின்னரே நோயுற்ற இடத்தை அடைப்பர். அணையைத் திருத்துமுன் வயலுக்கு வேறு வாய்க்கால் வெட்டுவது போன்றதே இந்தப் பைபாஸ் சிகிச்சை. 1967இல் சூரிச் நகரிலே யசர்கில் என்னும் நிபுணர், நுணுக்குக்காட்டியின் துணையோடு தலைத்தோல் நாடியை மூளை நாடியுடன் இணைத்தார். இன்று அத்தையலுக்கு உதவும் நூல் தலைமயிரினும் மெல்லியது.

கரெலின் கதையை இவ்வளவில் நிறுத்தினால் அது உண்மையாகாது. 1935இல் மனிதனைப்பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. அதிலே மக்களைத் தகுதியுடையோர், தகுதியற்றோர் எனப் பிரித்தார். கொடிய குற்றவாளிகளையும் குற்றம்புரிந்த சித்தசுவாதீனமற்றோரையும் நச்சுவாயுவாற் கொல்லலாமெனவும் எழுதினார். சிசுவொன்றின் உயிருக்காகப் போராடிய கையே இதனையும் எழுதியதென எண்ணுகையில் நெஞ்சு பதறுகின்றது. இரண்டாம் உலகப்போரில் பிரான்சு செர்மனியரிடம் வீழ்ந்தபின், விச்சி அரசின் ஆதரவோடு மனிதப் பிரச்சினைகளை ஆராயும் நிலையமொன்றை நடத்தினார். 1944 நவம்பர் 5ஆந் திகதி பாரிசிலே காலமானார். லியோன் மருத்துவ பீடமொன்று தாங்கியிருந்த அவர் பெயர் 1996இல் நீக்கப்பட்டது.

இளைஞர்களே, பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்தம் ஆற்றலோடு தவற்றையும் சேர்த்தே நாம் படித்தல் வேண்டும். தையற்காரியின்முன் பணிவோடு அமர்ந்த கரெல், பல்லாயிரம் உயிர்களுக்கு வழிகாட்டினார். மனிதரின் உயிருக்கு விலை குறிக்கத் தமக்குத் தகுதியுண்டென எண்ணிய கரெல், தம் பெயருக்கே மாசு தேடினார். அந்தப் பணிவை நாம் கைக்கொள்வோம். அந்தச் செருக்கை விலக்குவோம்.