ஃபெடரிகோ டெசியோ: பட்டியலில் சேராத குட்டி

ஒரு குதிரைக் குட்டி நாளை வெல்லுமா என்பதை இன்றே சொல்ல முடியுமா? பந்தய உலகில் பெரும் பணம் புரள்வது இந்தக் கேள்வியை நம்பித்தான். நான் குதிரையில் பணம் கட்டுபவன் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இத்தாலியரான ஃபெடரிகோ டெசியோ என் நினைவுக்கு வருவார்.

1869இல் டுரின் நகரில் பிறந்த டெசியோ, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1898இல் மஜோரே ஏரிக்கரையில் உள்ள டொர்மெல்லோவில் மனைவி லிடியாவுடன் குதிரைப் பண்ணை தொடங்கினார். இங்கிலாந்து, பிரான்ஸ் செல்வந்தர்களைப் போலச் செலவழிக்க அவரால் முடியாது. எனவே பெட்டைக் குதிரைகளை மலிவாக வாங்கி, எந்த ஆண் குதிரையுடன் சேர்ப்பது என்று வம்சாவளியை நுணுகி ஆராய்ந்தார். பிறந்த குட்டிகளைத் தானே பழக்கினார்.

1915இல், உலகப் போரின் நடுவே, நியூமார்க்கெட் ஏலத்தில் கட்னிப் என்ற பெட்டையை வெறும் 75 கினிக்கு வாங்கினார். அதன் மகள் நொகாரா. நொகாராவின் மகன்தான் 1935இல் பிறந்த நியார்கோ. ஓடிய 14 பந்தயங்களிலும் அது வென்றது. 1938இல் பாரிஸ் கிராண்ட் பிரியை வென்ற சில நாட்களிலேயே 60,000 பவுணுக்கு விலைபோனது. இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வம்சத்தில் நியார்கோ உண்டு.

இத்தகைய கண் உள்ளவரின் பண்ணைக்கு 1952இல் வந்தது ரிபோ. அதன் தாயும் தகப்பனும் அவர் உருவாக்கிய குதிரைகள். ஆனால் குட்டியின் உருவம் சிறியது. பண்ணையில் அதைச் சின்னவன் என்றே அழைத்தார்கள். அந்நாளில் இத்தாலிய டேர்பியில் ஓட வேண்டுமானால், குட்டியின் பெயரை வெகு முன்கூட்டியே பதிய வேண்டியிருந்தது. ரிபோவின் பெயர் பதியப்படவில்லை.

1954 மே 1ஆம் திகதி டெசியோ காலமானார். அதே வருடம் ஜூலையில் மிலானில் ரிபோ முதன்முறை ஓடி வென்றது. 1955இலும் 1956இலும் ஐரோப்பாவின் பெரும் பந்தயமான பாரிஸ் ஆர்க்கை வென்றது. 16 பந்தயங்கள், 16 வெற்றிகள்.

இதை டெசியோவின் தவறாக நான் பார்க்கவில்லை. ஐம்பது வருடங்களுக்கு மேல் குட்டிகளையே பார்த்துப் பழகிய ஒருவருக்கே இப்படி நேர்ந்தது என்றால், ஓடத் தொடங்கும் முன்னரே பட்டியலை மூடிவிட்ட அன்றைய வழக்கத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும். தன் நாட்டின் டேர்பியில் ரிபோ கடைசிவரை ஓடவில்லை.