பிரித்தறிந்த அறிவு

விலை கொடுத்து வாங்கிய பொருள் ஒருவருக்கு உடைமையாகலாம். ஆனால், அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் எதற்காக அமைந்துள்ளன என்பதை அறிந்தவரே அப்பொருளை ஆள்பவர் ஆவார். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் கோவை தந்த அறிவியல் மேதை ஜி.டி. நாயுடு.

இளமையும் கல்வியும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்னும் முழுப்பெயர் கொண்ட அவர், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். வகுப்பறையின் கட்டுப்பாடு அவருக்கு ஒத்துவரவில்லை. பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோனது. எனினும், கண்ணில் படும் பொருள் ஒவ்வொன்றும் எவ்வாறு இயங்குகிறது என்னும் வினா அவரை விட்டு நீங்கவில்லை.

ஈர்த்த ஊர்தி

இருபது வயதளவில், ஆங்கிலேய வருவாய் அலுவலர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். அது 1912ஆம் ஆண்டின் ரட்ஜ் வண்டி. மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே பழகிய ஊரில், இழுப்பதற்கு எவ்வுயிரும் இன்றி ஓடிய அவ்வூர்தி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கியே தீர்வது என்று உறுதி பூண்டார். கோவைக்குச் சென்று, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியில் சேர்ந்தார். மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அவ்வண்டியைத் தமதாக்கிக் கொண்டார்.

வண்டி கைக்கு வந்ததும் அவர் அதில் ஏறி ஊரை வலம்வரவில்லை. அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். பின்னர் மீண்டும் பூட்டினார். இது எளிய துணிவன்று. வண்டி உருவான இடமோ இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம். ஓர் உறுப்பு தொலைந்தாலும், இடம் மாறிப் பொருத்தப்பட்டாலும், மூன்றாண்டு உழைப்பின் பயன் பழைய இரும்பாகிவிடும்.

உறுப்புகள் சொல்லும் செய்தி

எரிபொருளாவியும் காற்றும் கலந்து உருளைக்குள் நுழைகின்றன. மின்பொறி அக்கலவையை எரிக்கிறது. விரிவடையும் வளி பிஸ்டனைத் தள்ள, இணைப்புத்தண்டு அந்த நேர் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடுகின்றன. இயங்கும்போது ஒன்றையொன்று சார்ந்திருக்கும் இவ்வுறுப்புகள், பிரித்து வைத்ததும் வெறும் உலோகத் துண்டுகளாகக் காட்சியளிக்கும். அவற்றை இனங்காண்பதே பணியின் கடினமான பகுதி.

பழைய எஞ்சினைப் பழுதுபார்க்கும்போது, எதனோடும் சேராத துண்டு ஒன்று எண்ணெயினடியில் கிடப்பதுண்டு. எல்லாவற்றையும் பூட்டி முடித்தபின் ஒரு வாசர் மிஞ்சுவதும் உண்டு. மிஞ்சியது வேண்டாதது என்று ஒதுக்கிவிட்டால், வண்டி சில கல் தொலைவு ஓடி நின்றுவிடலாம். அத்துண்டின் துளை, அது பொருந்தியிருந்த தண்டின் பருமனைச் சொல்லும். ஒருபுறத் தேய்மானம், அது எதனோடு உராய்ந்தது என்பதைக் காட்டும். புதிய முறிவு, அதன் மறுபாதி எஞ்சினுக்குள் இன்னும் இருக்கக்கூடும் என எச்சரிக்கும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து எஃகையும் பித்தளையையும் வேறுபடுத்தலாம். இராசபாளையம், செட்டியார்பட்டி முதலிய ஊர்களின் பட்டறைகளிலும் கைவினைஞர்க்கு உதவுவது இத்தகைய நுண்ணிய நோக்கே. கற்பிக்க ஆசிரியர் இல்லாத காலத்தில், துரைசாமிக்கு அந்த ரட்ஜ் வண்டியே ஆசிரியராயிற்று.

அறிந்ததிலிருந்து ஆக்கம்

இயந்திர நுட்பம் கைவந்தபின் அவர் தொழில்துறையில் இறங்கினார். 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். தாமே ஓட்டுநராகவும் பணியாற்றினார். அவ்வொற்றைப் பேருந்து, யு.எம்.எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

பிறர் செய்த பொறியைப் பிரித்துப் பூட்டிய கை, பின்னர்ப் புதிய பொறிகளைப் படைத்தது. 1937ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார். நீரிறைக்கவும் ஆலைகளை இயக்கவும் மின்மோட்டார் எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணினால் அம்முயற்சியின் அருமை விளங்கும். உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக்கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் மின்விசிறி முதலியனவும் அவருடைய ஆக்கங்களாகும்.

கல்வியில் கொண்ட உறுதி

1945ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் தோன்றின. பொறியியல் பயில நான்காண்டுகள் தேவையில்லை, செய்முறைப் பயிற்சியோடு கற்பித்தால் இரண்டாண்டுகளே போதும் என்று அவர் வாதிட்டார். அரசு அதனை ஏற்கவில்லை. அவர் தம் பொறுப்பைத் துறந்தார். பட்டறையில் கைகளால் கற்றவர்க்கு அக்கருத்து வெறும் வாதமன்று. வாழ்ந்து கண்ட உண்மை.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். பட்டம் பெறாத அவரைப் பொறியாளர் ஆக்கியது, கையில் எடுத்த சிறு திருகாணியையும் அதன் பணி இன்னதென அறியாமல் கீழே வைக்காத மனப்பாங்கேயாகும்.