ஜோன் ஸ்ருவாட் மில்லும் இன்ப நாட்டமும்

மாந்தர் செய்யுஞ் செயல் யாவும் தத்தம் இன்பம் ஒன்றையே குறித்தனவோ என்னும் வினா மிகப் பழையது. ஆங்கில தேசத்து அறிஞராகிய ஜோன் ஸ்ருவாட் மில் என்பார் இதனை நூலில் ஆராய்ந்ததோடு அமையாது, தம் வாழ்க்கையிலேயே சோதித்தறிந்தவர். அவர் வரலாறு ஆசிரியத் தொழில் பூண்டார்க்குப் பெரிதும் பயன்படுவதாம்.

மில் 1806-ம் ஆண்டு மே மாதம் 20-ந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில், இந்திய சரித்திரம் எழுதிப் புகழ்பெற்றவர். அவர் மைந்தனைப் பாடசாலைக்கு விடுத்திலர்; தாமே ஆசிரியராயமர்ந்து, மூன்றாம் வயதிற் கிரேக்கமும் எட்டாம் வயதில் இலத்தீனுங் கற்பிக்கத் தொடங்கினார். காலையில் இருவரும் உலாவச் செல்லும்போது, முதனாட் படித்தவற்றை மைந்தன் எடுத்துரைத்தல் வேண்டும். விடுமுறையில்லை, ஒத்த வயதுத் தோழருமில்லை. தங்கை தம்பியர்க்குக் கற்பித்தலும் அச்சிறுவர்க்குக் கடமையாயிற்று.

தந்தையாரின் நண்பர் பெந்தாம் என்பார். இன்பமுந் துன்பமுமே மாந்தரை ஆள்வன என்பதும், இன்பத்தைப் பெருக்குவதே நற்செயலின் அளவுகோல் என்பதும் 1789-ல் அவர் வெளியிட்ட நூலின் கொள்கை. பதினைந்தாம் வயதில் மில் அக்கொள்கையைக் கற்று, உலகைச் சீர்திருத்துதலே தம் வாழ்வின் நோக்கமெனத் துணிந்தார். 1823-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் காரியாலயத்திற் சேர்ந்து, 1858 வரை அங்கே கடமையாற்றினார்.

1826-ம் ஆண்டு, இருபது வயதில், அவர் தம்மைத்தாமே ஒன்று வினாவினார். தாம் விரும்பிய சீர்திருத்தம் யாவும் இக்கணமே கைகூடினால் தமக்குப் பேரின்பம் உண்டாகுமோ என்பதே அவ்வினா. உண்டாகாது என உள்ளம் விடை பகர்ந்தது. அன்றே அவர் வாழ்வின் அடித்தளம் சரிந்தது. மாதங்கள் பல சோர்விற் கழிந்தன. எனினும், காரியாலயப் பணி முதலியவற்றை அவர் கைவிட்டாரல்லர். இன்பஞ் சிறிதுமின்றியும் பழக்கத்தினாலே தொழில்கள் நடந்தன.

ஒருநாள், மார்மொந்தேல் என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் சுயசரிதையைப் படித்தார். தந்தை இறந்தபோது, சிறுவராகிய அவ்வாசிரியர் குடும்பத்தினர் இழந்தன யாவற்றுக்கும் ஈடாகத் தாமே நிற்பதெனத் துணிந்த பகுதி வந்தது. மில்லின் கண்கள் நீர் சொரிந்தன. தம் நெஞ்சம் வறண்டுவிடவில்லையென அறிந்து ஆறுதலுற்றார். 1828-ல் வேட்ஸ்வேத்தின் கவிதைகளும் அவர்க்கு மருந்தாயின.

இத்துன்பத்தால் அவர் கற்ற பாடம் யாதெனின், இன்பத்தையே குறியாகக் கொண்டு தேடுவார்க்கு அஃது எய்தாது; பிறர் நலத்திலோ, ஒரு கலையிலோ, நற்பணியிலோ மனம் பதித்தார்க்கு வழியிடையே தானே வந்து சேரும் என்பதாம். 1843-ல் வெளியிட்ட தருக்க நூலில், மாந்தர் செயலுக்கு இன்ப துன்ப எதிர்பார்ப்பே எப்பொழுதுங் காரணமன்று. பழக்கத்தால் உறுதிபெற்ற சித்தமும் செயலைத் தூண்டும் என விளக்கினார். ஆயினும், இன்பமே நன்மையின் அளவுகோல் என்னுங் கொள்கையை அவர் இறுதிவரை விட்டாரல்லர். 1873-ல் பிரான்சு தேசத்து அவிஞோன் நகரிற் காலமானார்.

பிறர்க்கு உதவி மகிழ்வானும் தன் மகிழ்ச்சிக்காகவே உதவினான் என்பாருளர். பிறர் நலத்தில் முன்னரே விருப்பமிலாதான் அவ்வுதவியால் மகிழ்வதெங்ஙனம்? விருப்பம் முந்தியது, மகிழ்ச்சி அதனைத் தொடர்ந்தது. பரிசுக்காக மாத்திரம் படித்த மாணாக்கன் பரிசு பெற்ற மறுநாளே புத்தகத்தை மூடுகின்றான். கணக்கிலோ காவியத்திலோ மனந்தோய்ந்தவன் பரிசு பெறாவிடினும் படிக்கின்றான். நம் மாணாக்கர்க்கு யாம் எதனைக் காட்டி ஊக்கம் ஊட்டுகின்றோம் என்பதை ஆசிரிய அன்பர்கள் சிந்திப்பார்களாக.