அடகு வீட்டை மீட்ட மல்யுத்த வீரர்

மாணவர்களே, சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர் யார் தெரியுமா? டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் என்று பலரும் சொல்வர். அவர் பதக்கம் வாங்கியது 1996ல். அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வாங்கிவிட்டார். அவர்தான் கே.டி.ஜாதவ். முழுப்பெயர், கஷாபா தாதாசாகேப் ஜாதவ்.

இன்றைய மகாராஷ்டிர மாநிலம், சதாரா மாவட்டத்தில் உள்ள கோலேஷ்வர் கிராமத்தில், 1926 ஜனவரி 15ல் பிறந்தார். அப்பாவும் மல்யுத்த வீரர். ஐந்து வயதிலேயே மகனைக் கோதாவில் இறக்கிவிட்டார். கோதா என்றால், மல்யுத்தத்துக்காக மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய களம். ஜாதவ் உயரம் குறைவானவர். ஆனால், பிடி போட்டால் பெரிய ஆளையும் சாய்த்துவிடுவார்.

1948ல் லண்டன் ஒலிம்பிக் போட்டிக்குப் போனார். பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். அங்கே மண் இல்லை. மெத்தை விரிப்பின் மேல் மோத வேண்டும். விதிமுறைகளும் புதிது. ஆறாம் இடம்தான் கிடைத்தது. ஊர் திரும்பியவர், பயிற்சியை இன்னும் கடுமையாக்கினார்.

அடுத்தது 1952, ஹெல்சிங்கி ஒலிம்பிக். அதற்கு முன் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில், ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். தீர்ப்பு சரியில்லை என்று பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். அழுது புலம்புவது வேறு, நியாயம் கேட்பது வேறு. ஜாதவ் கேட்டது, அதே வீரருடன் மீண்டும் மோத ஒரு வாய்ப்பு மட்டுமே. வாய்ப்புக் கிடைத்தது, வென்றார்.

ஆனால், பின்லாந்து வரை போகப் பணம்? கிராமத்து மக்கள் வசூல் செய்து கொடுத்தனர். அது போதவில்லை. அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்தேகர், தன் வீட்டையே அடகு வைத்து, 7,000 ரூபாய் கொடுத்தார். அன்று அது எவ்வளவு பெரிய தொகை என்று, வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ வீரர்களை வீழ்த்தினார். ஜப்பான் வீரர் இஷியுடன் நீண்ட நேரம் மோதித் தோற்றார். மூச்சு வாங்கும்போதே, சோவியத் வீரருடன் மோத அழைத்துவிட்டனர். இரண்டு போட்டிகளுக்கு இடையே அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச்சொல்ல, இந்தியத் தரப்பில் யாரும் அருகில் இல்லை. களைத்த உடம்போடு களம் இறங்கித் தோற்றார். இஷிக்குத் தங்கம், சோவியத் வீரருக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம்.

ஊர் திரும்பியபோது, நூறு மாட்டு வண்டிகளுக்கு மேல் அணிவகுத்து வந்து வரவேற்றன. மேளதாளம் ஓய்ந்ததும், அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மல்யுத்தப் போட்டிகளை ஏற்பாடு செய்து, தானும் மோதி ஜெயித்து, அந்தப் பரிசுப் பணத்தில் கல்லூரி முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார். பதக்கத்துக்காகப் பட்ட பாட்டைவிட, இந்தப் பாடு குறைந்ததல்ல.

1955ல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் பணிபுரிந்தார். 1984 ஆகஸ்ட் 14ல், சாலை விபத்தில் காலமானார். அர்ஜுனா விருது, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது. வாழும்போதே கொடுத்திருக்கலாம். 2010ல் டில்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது, மல்யுத்த அரங்கத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டினர்.