ஜெயித்தும் நாட்டைத் தோற்ற நவாப்: ரஞ்சன்குடி முதல் சேப்பாக்கம் வரை ஒரு கடன் கதை

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பெரம்பலூரைத் தாண்டியதும் பாறை மேல் ஒரு கோட்டையைப் பார்த்திருப்பார்கள். அது ரஞ்சன்குடி கோட்டை. அதே ஆட்கள் சேப்பாக்கத்தில் மேட்ச் பார்க்கப் போனால் இறங்குவது வாலாஜா சாலையில். கோட்டைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு மனிதரின் முழு வாழ்க்கை இருக்கிறது. அவர்தான் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா.

பெரிய போர் முடிந்து கறாரான சமாதான ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், பள்ளிக்கூட வரலாறு படித்த எல்லோரும் 1919 வெர்சாய் ஒப்பந்தத்தைச் சொல்வார்கள். தோற்ற ஜெர்மனி தலையில் நஷ்டஈட்டைக் கட்டினார்கள், இருபது வருடத்தில் அடுத்த உலகப் போர் வந்தது. நம்ம ஊரிலும் அப்படி ஒரு ஒப்பந்தம் வேலை செய்தது. ஒரே வித்தியாசம், இங்கே பில் வந்தது தோற்றவருக்கு அல்ல, ஜெயித்தவருக்கு.

அப்பாவைப் பறிகொடுத்த போர்

முகமது அலி பிறந்தது 1717-ல். அப்பா அன்வருதீன், ஹைதராபாத் நிஜாம் நியமித்த கர்நாடக நவாப். அன்றைக்குக் கர்நாடகம் என்றால் இன்றைய கர்நாடகா இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் நெல்லூர்ப் பக்கமும் சேர்ந்த நாடு அது. பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப், அந்தப் பதவி தனக்கே சேர வேண்டும் என்று கிளம்பினார். அவருக்குப் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் துணை. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த சண்டையில் அன்வருதீன் கொல்லப்பட்டார். மகன் முகமது அலி தப்பி ஓடி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பக்கம் என்பதால் சென்னைப்பட்டினத்து ஆங்கிலேயக் கம்பெனி இந்தப் பக்கம் வந்தது.

1751-ல் அந்தச் சண்டை பெரம்பலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. வாலிகண்டபுரம் அருகே, ரஞ்சன்குடி கோட்டையை ஒட்டி, கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் ஆங்கிலப் படையும் முகமது அலியின் ஆட்களும் முகாம் போட்டார்கள். எதிரில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும். கோட்டைத் தலைவர் இரண்டு பக்கமும் பேச்சு நடத்தி, யாருக்கும் கதவைத் திறக்காமல் நாட்களைக் கடத்தினார். அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. யார் ஜெயிப்பார் என்று தெரியாதவர் வேறு என்ன செய்வார்? பொறுமை இழந்த ஜிஞ்சன்ஸ் கோட்டைக்கு வெளியே இருந்த ஊருக்குத் தீ வைத்தார். கோட்டைத் தலைவர் உடனே பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்து நடந்த சண்டையில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பதறிப்போய்ப் பின்வாங்க, நவாபின் ஆட்கள்தான் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார்கள். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஓடியது.

அந்தத் தோல்வியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். திருச்சியில் மாட்டிக்கொண்ட முகமது அலியைக் காப்பாற்ற, சந்தா சாகிப்பின் தலைநகர் ஆற்காட்டையே அடிப்போம் என்று கிளம்பியவர் அவர். பிடித்த கோட்டையை 50 நாள் முற்றுகையிலும் விடவில்லை. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் சந்தா சாகிப் சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதி மானோஜி அவர் தலையை வெட்டினார்.

பாரிஸில் போட்ட கையெழுத்து

பிறகு வந்தது ஏழாண்டுப் போர். ஐரோப்பா, வட அமெரிக்கா, கரீபியன், வங்காளம், வந்தவாசி என்று ஒரே நேரத்தில் நடந்த அதை முதல் உலகப் போர் என்று சொல்கிறவர்களும் உண்டு. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அடுத்த ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர்கள் அந்தக் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் கையெழுத்திட்டன. பிரான்சுக்குக் கனடா போனது. இந்தியாவில் பழைய வணிகக் கிடங்குகள் திரும்பக் கிடைத்தன, ஆனால் வங்காளத்தில் கோட்டையோ படையோ வைக்கக் கூடாது. அந்த ஒப்பந்தத்தின் 11-வது பிரிவில் நம்ம கதாநாயகரின் பெயர் வருகிறது. முகமது அலிதான் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று பிரிட்டனும் பிரான்சும் ஏற்றுக்கொண்டன.

அதே பிரிவில் தக்காணத்தின் ஆட்சியாளராக சலாபத் ஜங் என்பவரையும் அங்கீகரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவரை அவருடைய தம்பி நிஜாம் அலி 1762-லேயே பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டிருந்தார். சிறையில் இருப்பவரை அரசர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாச்சு! இந்த நாட்டைப் பற்றி அந்த மேஜைக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கர்நாடகத்திலிருந்து ஒருவர்கூட அங்கே இல்லை.

முகமது அலிக்குச் சந்தோஷம்தான். 14 வருடப் போராட்டத்துக்குப் பிறகு உலகமே ஒப்புக்கொண்ட நவாப். 1765-ல் டெல்லி முகலாயப் பேரரசரின் ஆணையும் வந்தது, இனி அவர் நிஜாமுக்குக் கீழே இல்லை என்று. ஆனால் கணக்குப் புத்தகம் கம்பெனியின் கையில் இருந்தது. போர் உங்களுக்காக நடந்தது, செலவு உங்களுடையது என்பது கம்பெனியின் வாதம். பாண்டிச்சேரி முற்றுகைச் செலவுகூட அவர் தலையில்தான். அங்கே கைப்பற்றிய பொருட்களுக்காக அவர் கணக்கில் ஒரு தொகையைக் கழித்தார்கள். லண்டன் இயக்குநர்கள் அதையும் பிறகு ரத்து செய்துவிட்டார்கள். 1763-ல் சென்னையைச் சுற்றிய செங்கல்பட்டுச் சீமையை ஜாகிராக எழுதிக் கொடுத்தார். அப்படியும் கடன் தீரவில்லை.

அரியலூருக்கு வந்த பில்

கடன்காரர் கேட்டால் நவாப் யாரிடம் கேட்பார்? தனக்குக் கப்பம் கட்ட வேண்டியவர்களிடம்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு பாளையங்கள். அரியலூரில் மழவராயர்கள், உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார்கள். காடு சூழ்ந்த பூமி. திருச்சிக்காகப் பத்து வருடத்துக்கும் மேல் நடந்த சண்டையில் இந்தப் பகுதி நிம்மதியாக இருந்ததே இல்லை. கப்பம் பாக்கி விழுந்திருந்தது.

இன்னொரு புகாரும் இருந்தது. மதுரையில் யூசுப் கான், அதாவது நாம் மருதநாயகம் என்று சொல்கிறவர், நவாபை எதிர்த்துக் கிளம்பினார். 1764 அக்டோபரில் அவரைத் தூக்கிலிட்டு அந்தக் கிளர்ச்சியை அடக்கினார்கள். அதற்கு இந்தப் பாளையக்காரர்கள் படை அனுப்பி உதவவில்லை என்பது நவாபின் கோபம்.

அடுத்த மாதமே சென்னை கவுன்சிலிடம் புகார் போனது. கம்பெனி படை கொடுத்தது. 1765 ஜனவரி 3 அன்று நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவும் கம்பெனித் தளபதி டொனால்ட் கேம்பலும் அரியலூருக்குள் நுழைந்தார்கள். இளம் பாளையக்காரர் தன் ஆட்களோடு தரங்கம்பாடிக்கு ஓடினார். அது டென்மார்க்காரர்களின் ஊர், நவாபின் கை எட்டாது. ஜனவரி 19 அன்று படை உடையார்பாளையம் மேல் போனது. எதிர்த்த பாளையப் படை தோற்றது. இரண்டு பாளையங்களையும் நவாப் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்.

இந்தப் படை உதவி சும்மா வந்ததல்ல. கம்பெனிச் சிப்பாய் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கவும் செலவு நவாபின் கணக்கில் ஏறியது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடனில் படை எடுப்பது என்றால், ஒரு கிரெடிட் கார்டு பில்லை இன்னொரு கார்டு வைத்துக் கட்டுகிற கதைதான்.

அரியலூரில் இது நடந்த இரண்டே மாதத்தில், 1765 மார்ச்சில், பிரிட்டன் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் முத்திரை வரி போட்டது. காரணம் ஏறக்குறைய அதே. ஏழாண்டுப் போர் வைத்த கடன், பிடித்த நிலத்தில் படை நிறுத்தும் செலவு. அங்கே மக்கள் மறுத்தார்கள், கடைசியில் அமெரிக்கா தனி நாடானது. 1763-ன் அவமானத்தை மறக்காத பிரான்ஸ் அந்தக் கிளர்ச்சிக்குப் பணமும் படையும் கொடுத்து, தன் கஜானாவைக் காலி செய்துகொண்டது. 1789-ல் பாரிஸில் புரட்சி வெடித்ததற்கு அந்த நிதி நெருக்கடி ஒரு முக்கியக் காரணம்.

சேப்பாக்கத்தில் வட்டிக் கடை

நவாப் ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கே குடிவந்தார். 1768 வாக்கில் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்கிறார்கள். கம்பெனி வேலைக்கு வந்த பென்ஃபீல்டின் உண்மையான தொழில் நவாபுக்குக் கடன் கொடுப்பது. அவர் மட்டுமா? சென்னைக் கம்பெனி ஊழியர்களில் பலருக்கு அதுதான் பக்கத் தொழில். வருடத்துக்கு 20, 25 சதவீதம், அதற்கு மேலும் வட்டி. அடமானம் நகை இல்லை, நிலம். ஒரு சீமையின் வரி வசூலைக் கடன்காரர் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்கள். விளைச்சல் களத்துக்கு வருவதற்கு முன்பே அதற்குச் சொந்தக்காரர் சென்னையில் உட்கார்ந்திருப்பார்.

நவாப் ஒன்றும் பாவப்பட்ட அப்பாவி இல்லை. ஆடம்பரமும் இருந்தது, ஆசையும் இருந்தது. கடனை அடைக்கத் தஞ்சாவூரே வேண்டும் என்று கம்பெனிப் படையோடு 1773-ல் அதைப் பிடித்தார். 1776-ல் ஆளுநர் பிகட் பிரபு அதைத் தஞ்சை மன்னரிடமே திருப்பிக் கொடுத்தபோது, அந்த விளைச்சலை நம்பிக் கடன் கொடுத்ததாக பென்ஃபீல்டு வந்து நின்றார். சண்டை முற்றி, சொந்தக் கவுன்சில் உறுப்பினர்களே ஆளுநரைக் கைது செய்தார்கள். அடுத்த வருடம் பிகட் காவலிலேயே இறந்துபோனார். ஒரு நவாபின் கடன் ஒரு ஆங்கிலேய ஆளுநரின் உயிரை வாங்கியது.

1780-ல் ஹைதர் அலி மலை இறங்கி வந்தார். கர்நாடகம் எரிந்தது, பஞ்சம் வந்தது. போர்ச் செலவுக்காக வரி வசூல் முழுவதையும் நவாப் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவருக்குக் கிடைத்தது ஆறில் ஒரு பங்கு. 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றியே நீண்ட உரை ஆற்றினார். விசாரணையே இல்லாமல் கடன்காரர்களுக்குப் பணம் போவதை எதிர்த்தார். அரசு கேட்கவில்லை. பிற்காலத்தில் ஆணையம் வைத்து அலசியபோது, வந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுண்டு. செல்லும் என்று ஏற்றது அதில் ஒரு சின்னப் பகுதியைத்தான்.

1792: எதிரிக்கும் நண்பனுக்கும்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கையெழுத்திட்டார். பாதி நாடு போனது, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு, இரண்டு மகன்கள் பிணை. அதே வருடம் கம்பெனியின் நண்பரான முகமது அலியும் ஒரு ஒப்பந்தம் போட்டார். வருடத்துக்கு 9 லட்சம் வராகன் படைச் செலவுக்கு, 6 லட்சத்துக்கும் மேல் கடன்காரர்களுக்கு. அதோடு, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் வேலை கம்பெனியின் கைக்குப் போனது. பெயர் நவாபுடையது, வசூல் கம்பெனியுடையது.

கட்டபொம்மன் கதையில், எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரனுக்கு ஏன் பாஞ்சாலங்குறிச்சி வரி கட்ட வேண்டும் என்று சின்ன வயதில் யோசித்திருப்பீர்கள். விடை இங்கேதான் இருக்கிறது. கலெக்டர் ஜாக்சன் 1798-ல் ராமநாதபுரத்துக்கு அவரை வரவழைத்ததும், 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்குக் கயிறு தொங்கியதும் இந்த 1792 ஒப்பந்தத்தின் வழியில் வந்தவை.

அதைப் பார்க்க முகமது அலி இல்லை. 1795 அக்டோபர் 13 அன்று இறந்தார். அரியலூருக்குள் படையோடு நுழைந்த அதே உம்தத்-உல்-உமரா அடுத்த நவாப். திப்பு வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, அப்பாவும் மகனும் எதிரியோடு உறவாடினார்கள் என்றது கம்பெனி. 1801 ஜூலையில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது அரண்மனை வாசலில் கம்பெனிச் சிப்பாய்கள் நின்றார்கள். மகன் அலி உசேன் நாட்டை எழுதிக் கொடுக்க மறுத்தார். உறவினர் அசீம்-உத்-தௌலாவை நவாப் ஆக்கினார்கள், அவர் கையெழுத்துப் போட்டார். ஆட்சி முழுக்கக் கம்பெனிக்கு, நவாபுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1855-ல் நவாப் பட்டமும் போனது.

சேப்பாக்கம் அரண்மனையில் இன்று அரசு அலுவலகங்கள். அரியலூரும் உடையார்பாளையமும் பின்னாளில் கம்பெனிக்குப் பணம் கட்டும் ஜமீன்களாயின. முகமது அலியின் உடல் அவர் தப்பி ஓடிப் பதுங்கிய அதே திருச்சிக்குப் போய், நத்தர்வலி தர்காவில் அடக்கமானது. தலை வெட்டப்பட்ட சந்தா சாகிப்பின் கல்லறையும் அதே தர்காவில்தான் இருக்கிறது என்கிறார்கள்.