வாத்துகளுக்கு வளையம் போட்ட சலீம் அலி

திருத்தணி மலையில் முருகனைக் கும்பிட 365 படிகள் ஏறுகிறவர்களுக்கு வள்ளியின் கதை தெரியும். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டியவள் அவள்.

அந்தத் திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஆந்திர எல்லையைத் தாண்டியும் பரந்து கிடக்கும் உப்பு ஏரி அது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வடக்கேயிருந்து விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். ஊசிபோல் வால் நீண்ட ஊசிவால் வாத்து, கரண்டிபோல் அலகு அகன்ற தட்டைவாயன் என்று காட்டு வாத்துகள் பல. கோடை பிறப்பதற்குள் வந்த வழியே திரும்பிவிடும்.

இவை எந்த நாட்டிலிருந்து வருகின்றன? எந்த வழியாக வருகின்றன? இதைக் கண்டறிய இந்தியாவில் பெரிய முயற்சி எடுத்தவர் சலீம் அலி.

மஞ்சள் தொண்டைக் குருவி

1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார் சலீம் அலி. குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தை இறந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். பிள்ளை இல்லாத மாமா அமிருதீன் தயாப்ஜி அவரை எடுத்து வளர்த்தார்.

மாமாவுக்கு வேட்டையில் ஆசை. மருமகனுக்கும் அது தொற்றிக்கொண்டது. சிறுவனின் கையில் ஒரு விளையாட்டுத் துப்பாக்கி. அதனால் சிட்டுக்குருவிகளைச் சுட்டுத் திரிந்தான்.

ஒரு நாள் சுட்டு விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்கச் சொன்னார்.

அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர், குருவியின் பெயரைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. இழுப்பறைகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை வரிசையாகக் காட்டினார். பறவைகளில் இத்தனை வகையா என்று பையன் மலைத்துப் போனான். அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை.

வேலை போயிற்று

படிப்பில் சலீம் அலி சோபிக்கவில்லை. பர்மாவுக்குப் போய், அண்ணனின் சுரங்கத் தொழிலைக் கவனித்தார். ஆனால் காட்டில் பறவை பார்ப்பதிலேயே பொழுது போயிற்று. தொழில் நொடித்தது.

1918-ல் தெஹ்மினாவை மணந்தார். பெரிய பட்டம் இல்லாததால் அரசாங்கத்தின் விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில், பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை 1926-ல் கிடைத்தது. பிறகு ஜெர்மனிக்குச் சென்று, ஸ்டிரேஸ்மான் என்ற பேரறிஞரிடம் பறவை நூல் கற்றார். 1930-ல் திரும்பி வந்தபோது, அந்த அருங்காட்சியக வேலையும் இல்லை!

அவர் மனம் தளரவில்லை. கிஹிம் என்ற கடலோர ஊரில் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை நாள் முழுதும் உட்கார்ந்து கவனித்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தார். காட்டிலும் கூடாரத்திலும் தெஹ்மினா உடன் இருந்தார். 1939-ல் அந்த அம்மையார் காலமானார். அந்தத் துக்கத்திலிருந்து மீண்டு, 1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார்.

ஒரே வேட்டையில் 4,273

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பள்ளமான இடத்தில் கரை கட்டித் தண்ணீர் தேக்கி, வாத்து வேட்டைக்கென்றே ஏரி உண்டாக்கி வைத்திருந்தார்கள் மகாராஜாக்கள். வைசிராய் லின்லித்கோ 1938-ல் வந்தபோது, ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. பெரும்பாலும் வாத்துகள். அந்தக் கணக்கு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சுதந்திரம் வந்தது. ஏரியை வற்றவைத்து எங்களுக்கு உழ நிலம் கொடுங்கள் என்று சுற்றுப்புற விவசாயிகள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏரி போனால் வாத்துகள் வந்து இறங்க இடம் ஏது?

சலீம் அலி பிரதமர் நேருவரை விஷயத்தைக் கொண்டு சென்றார். ஏரி பிழைத்தது. 1956-ல் பறவைச் சரணாலயம் ஆயிற்று. மகாராஜாவின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்து, பிறகு ஒழிந்தது.

காலில் வளையம்

1957-ல் மைசூர் ராஜ்யக் காடுகளில் குரங்குகள் மடிந்தன. மனிதரையும் புதுவகைக் காய்ச்சல் தாக்கியது. ரஷ்யாவில் கண்ட ஒரு நோய்க்கிருமிக்கும் இதற்கும் உறவு இருந்தது. வலசை வரும் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது.

உலக சுகாதார நிறுவனம் உதவி செய்ய, சலீம் அலியின் தலைமையில் 1959 முதல் பறவைகளைப் பிடித்து வளையம் போடும் வேலை மும்முரமாக நடந்தது. பரம்பரையாகப் பறவை பிடித்துப் பிழைத்த பீகார் மீர்ஷிகார்கள் வலை விரித்தார்கள். பிடிபட்ட பறவையின் காலில் எண்ணும் பம்பாய்க் கழகத்தின் பெயரும் கொண்ட அலுமினிய வளையத்தை மாட்டி, உயிரோடு பறக்கவிட்டார்கள்.

பரத்பூரில் வளையம் போட்ட வாத்துகள் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் அகப்பட்டன. தமிழ்நாட்டில் கோடியக்கரையிலும் இந்தப் பணி நடந்தது. வாத்துக்கு ஒரு நாடு போதாது, வழியெல்லாம் தண்ணீர் வேண்டும் என்பதை அந்தச் சின்ன வளையங்கள் மெய்ப்பித்தன.

எருமைகள் சொன்ன பாடம்

பரத்பூர் தேசியப் பூங்கா ஆனதும், 1982-ல் அங்கே மாடு மேய்க்கத் தடை வந்தது. சலீம் அலியும் தடையை ஆதரித்தவரே. கிராமத்தார் கொதித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

பின்பு நடந்தது விசித்திரம். எருமைகள் இல்லாததால் புல் மண்டி, தண்ணீரை அடைத்துக்கொண்டது. வாத்து நீந்த இடம் குறைந்தது. மேய்ச்சலால் நன்மை இருந்தது என்பதைப் பம்பாய்க் கழகத்தின் நீண்ட ஆய்வே எடுத்துக்காட்டியது. ஊர் மக்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ஏரியைக் காக்க முடியாது என்பது அன்று கிடைத்த பாடம்.

வாத்துகளின் நிலை

1976-ல் பத்ம விபூஷண் பட்டம் பெற்ற சலீம் அலி, 1985-ல் ராஜ்ய சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20-ந் தேதி, தமது 90-வது வயதில் காலமானார். அவர் பெயரில் கோயமுத்தூரில் 1990-ல் பறவை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது.

அழகான இளஞ்சிவப்புத் தலை வாத்து, 1949-க்குப் பிறகு உறுதியாக யார் கண்ணிலும் படவில்லை. பரத்பூருக்கு வலசை வரும் போச்சார்ட் என்ற செந்தலை வாத்தை, அழியும் அபாயத்தை நோக்கிப் போகும் பறவைகளின் பட்டியலில் 2015-ல் சேர்த்துவிட்டார்கள். ஊசிவால் வாத்துக்கு அந்த அபாயம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் அதன் தொகை குறைந்து வருகிறது.

1972-ம் ஆண்டுச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவதும் வலைவைத்துப் பிடிப்பதும் குற்றம். ஆனால் சட்டம் துப்பாக்கியைத்தான் தடுக்கும். ஏரியைத் தூர்ப்பதையும், அதில் சாக்கடை விடுவதையும் ஊரார்தான் தடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் வாத்து, போன வருஷம் தண்ணீர் இருந்த இடத்தில் இந்த வருஷமும் தண்ணீர் இருக்கும் என்று நம்பித்தான் வருகிறது.