கேப்டனாக இருந்த கப்பலையே மூழ்கடிக்கச் சொன்னவர்... யார் இந்த யமமோட்டோ?

ஜப்பானிய மொழியில் ஐசோரோகு என்றால் 56. 1884-ல் நாகவோகாவில் பிறந்தபோது அப்பாவுக்கு வயசு 56. அதையே மகனுக்குப் பெயரா வெச்சுட்டார். அந்தப் பையன்தான் பின்னாளில் பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட கடற்படைத் தளபதி ஐசோரோகு யமமோட்டோ.

1905-ல் ரஷ்யாவுடன் நடந்த சுஷிமா கடற்போரில் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டில் படிப்பு. அங்கிருந்த எண்ணெய் வளத்தையும் தொழிற்சாலைகளையும் பார்த்தவருக்கு ஒன்று புரிந்தது: இந்த நாட்டோடு நீண்ட போர் நடத்தினால் ஜப்பான் தாங்காது.

பாதியில் மாறிய கப்பல்

1922-ல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம், பெரிய போர்க்கப்பல்களுக்கு வரம்பு போட்டது. ஜப்பான் பாதி கட்டியிருந்த 'அகாகி'க்குச் சிக்கல். ஆனா ஒப்பந்தத்திலேயே ஒரு வழி இருந்தது. பீரங்கிக் கப்பலாக வேண்டியது, 1927-ல் விமானந்தாங்கிக் கப்பலாகக் கடலுக்கு வந்தது. 1928 டிசம்பரில் அதன் கேப்டனானார் யமமோட்டோ. இனி கடற்போரை முடிவு செய்வது பீரங்கி இல்ல, விமானம்தான் என்பது அவர் நம்பிக்கை.

வேண்டாம் என்றவரே...

ஜெர்மனி, இத்தாலியுடன் கூட்டணி வேண்டாம் என்று எதிர்த்தார். கொலை மிரட்டல்கூட வந்தது. ஆனாலும் 1941 டிசம்பர் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குத் திட்டம் போட்டது அவர்தான். ஆறு விமானந்தாங்கிகளுக்குத் தலைமைக் கப்பல், அதே அகாகி. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பைத் தாக்கிய படைக்கும் அதுவே தலைமை.

இரண்டே மாசம். ஜூன் 4, மிட்வே. அகாகி மீது நேரடியாக விழுந்தது ஒரே ஒரு குண்டு. உள்ளே எரிபொருளும் ஆயுதமுமாக நின்ற விமானங்கள் பற்றிக்கொண்டன. விமானத்தை நம்பிய யமமோட்டோ அன்று இருந்ததோ, பல நூறு கிலோமீட்டர் பின்னால், 'யமாட்டோ' என்ற ராட்சத பீரங்கிக் கப்பலில்! மறுநாள் விடிவதற்குள், அகாகியை மூழ்கடிக்கும் உத்தரவை அவரே போட வேண்டியதாயிற்று. ஜப்பானே டார்பிடோ வீசி அதை மூழ்கடித்தது.

1943 ஏப்ரல் 18-ல் அவரது பயண விவரம் அடங்கிய ரகசியச் செய்தியை உடைத்த அமெரிக்கா, பூகேன்வில் தீவுக்கு மேலே அவர் சென்ற விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. அனுப்பியது போர்க்கப்பலை அல்ல, போர் விமானங்களை. அவர் கணக்கு சரிதான். அதற்கு விலையும் அவரே கொடுத்தார்.